எந்த பிளாக் என்று கேட்டவளுக்கு

இன்று காலை வந்த ஃபைலில் நோய் என்ற இடத்தில் 'ஹார்ட் பிளாக்' என்று மட்டும் எழுதியிருந்தது. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அதில் இப்போது வேறொரு பெண் உட்காருகிறாள்.

தினமும் சித்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் திருப்பதிக்கு வந்து, ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் டாக்டர் எழுதிய நோய்க்கு உரிய குறியீட்டு எண்ணைப் போட்டவர்கள் நீயும் நானும். குப்பம் ஊரிலிருந்து வந்த கல்குவாரிக்காரரின் ஃபைலிலும் இதே இரண்டு வார்த்தைதான் இருந்தது. ரத்தக் குழாய் அடைப்பு என்று நினைத்து நான் குறியீடு போடப் போனேன். நீ தடுத்தாய்.

"இது இதயத்துல கரண்டு போற வழியில வர்ற பிளாக்குடி. எத்தனாவது டிகிரின்னு டாக்டர்தான் எழுதணும். நாம யூகிச்சிக்கினு போடக்கூடாது."

ஈசிஜி தாள் ஃபைலிலேயே இருந்தது. அதைப் படித்துச் சொல்வது நம் வேலை இல்லை என்று மூன்றாம் மாடிக்கு ஏறினாய். டாக்டர் முதலில் தெலுங்கில் சலித்துக்கொண்டாராம். பிறகு தாளை மறுபடி பார்த்தவர், இரண்டாம் டிகிரி, இரண்டாம் வகை என்று எழுதி, இதயம் திடீரென்று நின்றுபோகலாம் என்று அன்றைய டிஸ்சார்ஜை நிறுத்திவிட்டார். பையோடு கிளம்பி நின்ற கல்குவாரிக்காரரின் மனைவி உன்னைத் திட்டினாள். பேஸ்மேக்கர் வைத்த பிறகு, உன்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஆடியில், பஸ் படியில் கால் வைத்தவள் அப்படியே சரிந்தாய். முகத்தில் தண்ணீர் தெளித்தேன்.

"காலைல ஒண்ணும் துன்னலடி, அதான். ஊட்ல சொல்லிடாத."

மயக்கம் என்ற சொல்லை எத்தனை ஹார்ட் பிளாக் ஃபைல்களில் படித்தவள் நான்! ஆனாலும் உன்னை நம்பினேன். டீ வாங்கிக் கொடுத்தேன். வேலைக்குப் போனோம்.

பதினோரு நாள் கழித்து, சமையலறையில் விழுந்த உன்னை நம் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் ஃபைலை வேறு யாரிடமாவது கொடுப்பதாக மேலாளர் சொன்னார். நானே செய்கிறேன் என்றேன். 'முழுமையான ஹார்ட் பிளாக்' என்று டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார். கேட்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

போன வாரம் பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் தலை சுற்றுகிறது என்றாள். சாப்பிடாததுதான் காரணம், விடுங்கக்கா என்றாள். நான் விடவில்லை. கையைப் பிடித்து இறக்கி, ஆட்டோவில் கூட்டிப்போய் ஈசிஜி எடுக்க வைத்தேன். இதயம் நன்றாக இருக்கிறது, ரத்தம்தான் குறைவு என்றார்கள். அவள் சிரித்தாள். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன்.