நீ மூச்சு வாங்கும் இடம்

அவசரக்காரா,

உன் புது ஆல்பத்தைக் கேட்டேன். நான் புதிதாகச் சேர்ந்திருக்கும் தையல் கடையில் வைத்தார்கள். என்னை யாரென்று அறியாத கட்டிங் மாஸ்டர், "இந்தப் பையன் முன்னாடி ராப்புன்னு பொரிஞ்சு தள்ளுவானே, இப்ப எவ்வளவு நிதானமாப் பாடுறான்" என்றார். பொத்தான் தைத்துக்கொண்டே தலையாட்டினேன்.

அத்தையும் போன் செய்தார். "இப்பத்தாம்மா என் பையன் பாடுறது எனக்குப் புரியுது" என்றவர், யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்ததும், "சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றினார்.

ராப் பாடும்போது வரி முடிவதற்குள் உனக்கு மூச்சு முட்டும். நீ மூச்சு வாங்க, கடைசி வார்த்தையை நான் சொல்வேன். மேடையில் எனக்கு அதுதான் வேலை. வீட்டிலும் அப்படித்தான். நீ "அந்த..." என்று இழுத்தாலே, "சாவி டிவி மேல இருக்கு" என்பேன்.

அட்டைப் படத்தில் உன் தோளில் சாய்ந்து நிற்கும் பெண் கிடாரை நன்றாகவே வாசிக்கிறாள். இதை வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை.

மூன்றாவது பாட்டில் ஒரு வரி முடியப்போகும்போது நீ மூச்சு வாங்கினாய். பழக்கதோஷம், என் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஆனால் அந்த இடத்தில் கிடார் வந்துவிட்டது. திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல், கொட்டாவி விடுவதுபோல் கையால் மூடிக்கொண்டேன்.

"ராத்திரி தூங்கலையாம்மா?" என்றார் மாஸ்டர்.

இப்படிக்கு,
கடைசி வார்த்தைக்காரி