ஒரு பிழையை ஒரு தரம் எண்ணியவள்

மார்ச் 12

என் தங்கப் பேத்திக்கு,

உன் முனைவர் பட்டத் தேர்வன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள்: பலகை முன்னால் நீ. முன் வரிசையில் வெளியூர்த் தேர்வாளர் அம்மா, பக்கத்தில் கடுகடுவென்று உன் பேராசிரியர். பின்னால் உன் ஆய்வகத் தோழி நெட்டை, உன் அம்மா, நான். கதவோரம் போனும் கையுமாக உன் அப்பா.

போன வருஷம் எல்லார் எதிரிலும் உன் பேராசிரியர், "உனக்கு எண்ணவே தெரியல, இந்தக் கணக்க வெளிய சொன்னா சிரிப்பாங்க" என்றார். அன்று நீ ஆய்வகத்துப் பச்சைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், சாப்பிடாமல் படுத்தாய். நான் மறப்பேனா?

நீ கண்டுபிடித்த எண்ணை ஏற்காவிட்டால் பட்டம் கிடையாது என்று உன் அம்மா என் காதில் சொன்னாள். தேர்வாளர் அம்மா எழுந்து, "என் ஆய்வகத்துலயும் செஞ்சு பாத்தேன். இந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி" என்றதும் நெட்டை என் கையை நசுக்கிவிட்டாள். நான் உன் பேராசிரியர் முகத்தைத்தான் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது.

அவர் முன்பு எண்ணிச் சொன்ன எண்ணில் என்னதான் தப்பு? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் பாட்டி

மார்ச் 20

அன்புள்ள பாட்டிக்கு,

நாங்கள் ஆராயும் வைரஸ் செல்லுக்குள் நுழைந்து தன்னைப் பிரதி எடுக்கும்போது தானாகவே பிழை விடும். ஒரு பிரதிக்கு எத்தனை பிழை என்பதுதான் கேள்வி. வைரஸில் ஒரு நிற மரபணுவை வைத்து அனுப்புவோம். அது கெடாமல் இருந்தால் செல்கள் நீலமாகும், கெட்டால் வெள்ளை. சார் பல சுற்று வளரவிட்டு வெள்ளையை எண்ணினார். முதலில் விழுந்த ஒரே பிழை குட்டி போட்டு, ஒவ்வொரு குட்டியும் புதுப் பிழையாகக் கணக்கில் ஏறிவிட்டது. நான் ஒரே சுற்றில் நிறுத்தினேன்.

நேற்று சார் வந்து, "என் கணக்குதாம்மா தப்பு. நானே பத்திரிகைக்கு எழுதிடறேன்" என்றார். அவரை மன்னித்துவிடுங்கள் பாட்டி.

உங்கள் வாயாடி

மார்ச் 28

வாயாடிக்கு,

நன்றாகப் புரிந்தது. நம் சொந்தக்காரர்கள் கணக்கும் உன் சார் கணக்குதான். உன் அத்தை ஒரு நாள் பாலைப் பொங்கவிட்டாள். பத்து வாய் சொல்லி, தினமும் பொங்கவிடுகிறவள் ஆகிவிட்டாள்.

சாரை விட்டுவிட்டேன். தப்பென்று சொல்லப் பெரிய மனசு வேண்டும்.

நேற்று விருந்தாளிகளிடம் உன் அப்பா, "இந்தப் படிப்புதான் வேணும்னு நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன்" என்றான். நீ சேர்ந்த அன்று, இந்தப் படிப்பென்றால் வீட்டை விட்டுப் போ என்று உன் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தவன்!

"பெட்டியத் தூக்கும்போது எந்தக் கால்ல நின்னடா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன், "அம்மாவுக்கு வயசாச்சு, ஞாபகம் தடுமாறுது" என்றான்.

இனி யார் வந்து கெஞ்சினாலும் சரி, ஒருத்தனை மட்டும் மன்னிக்கமாட்டேன். உன் அப்பன், என் மூத்த மகன்.

பாட்டி