விட்டுப்போன மூன்று மாத்திரை

அலங்காநல்லூர்
14-11-1982

அன்பு மகள் அன்னக்கொடிக்கு அப்பா எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க முத்தாலம்மன் துணை. இங்கே நாங்கள் சுகம் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டு அடுத்த சேதிக்குப் போக இந்தத் தடவை முடியவில்லை, ஆனாலும் நீ பயப்படாமல் படிக்கவேண்டும். இதை எழுதும் நேரம் உன் அம்மா தொழுவத்தில் செவலைப் பசுவை வைதுகொண்டிருக்கிறாள், அந்தச் சத்தம் காதில் விழுகிற தைரியத்தில்தான் எழுதுகிறேன். அம்மா நலம், முளைப்பாரி நல்லபடியாக முடிந்தது என்று போன மாதம் எழுதியிருந்தேனே, அது பொய். உன்னிடம் நான் சொன்ன முதல் பொய் என்று சொல்லமாட்டேன், நீ வளர்த்த ஆட்டுக்குட்டி சித்தப்பா வீட்டுக்கு விருந்தாடப் போயிருக்கிறது என்று சொன்னது உனக்கு மறந்திருக்காது. இது அதைவிடப் பெரிய பொய்.

சித்திரைக்கு நீ வந்திருந்தபோது அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போய், பிரஷர் என்று சொன்னதும் மாத்திரை வாங்கிக்கொடுத்து, காலையில் சாப்பிட்டதும் ஒன்று என்று பழைய காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தாக எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாய். உப்பைக் குறை, ஊறுகாய் வேண்டாம், கருவாடு வேண்டவே வேண்டாம் என்றெல்லாம் எழுதியிருந்தாய். கருவாட்டுக்கு மட்டும் இரண்டு தடவை சண்டை வந்தது, மற்றபடி ஐந்து மாதம் ஒழுங்காகத்தான் போனது. ஒரு நாள் விட்டுப்போனால் என்ன செய்வது என்று மட்டும் நீ எழுதவில்லை. உன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை தாயி, எனக்குத் தெரியாது என்பதே எனக்குத் தெரியாதபோது நீ எப்படி எழுதியிருப்பாய்.

புரட்டாசியில் முத்தாலம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டி முளைப்பாரி போட்டார்கள், உன் அம்மாவும் விரதம் பிடித்தாள், ராத்திரி ஒருவேளைச் சாப்பாடு. நாலாம் நாள் காலையில் மாத்திரை அட்டையைத் தற்செயலாகப் பார்த்தேன், மூன்று மாத்திரை கூடுதலாக இருந்தது. கேட்டால், காப்புக் கட்டிய வாயில் இங்கிலீஷ் மருந்து படக்கூடாது என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டிருக்கிறாள், பூசாரி காசிமாயன்கூட அப்படிச் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் என் வேலைப் புத்தி முன்னால் வந்துவிட்டது. முப்பது வருடமாக இந்த ஊர் வயலுக்கு முறைத்தண்ணீர் பிரித்துவிடுகிற நீர்பாய்ச்சி நான். ஒருவனுக்கு மூன்று முறை விட்டுப்போனால் அடுத்த முறையில் அதையும் சேர்த்துப் பாய்ச்சிக் கொடுப்பதுதான் நியாயம், வாய்க்காலில் அதுதான் வழக்கம். அந்த நியாயத்தை உன் அம்மாவின் வயிற்றிலும் நடத்திவிட்டேன். விட்டது மூன்று, அன்றைக்கு உள்ளது ஒன்று, நாலையும் அவள் வெறும் வயிற்றோடு இருக்கும்போது முன்னால் நின்று விழுங்கவைத்தேன். என்ன ஏது என்று பார்க்காமல் என் மிரட்டலுக்கு விழுங்கினாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும், தொழுவத்தில் குனிந்து சாணி அள்ளியவள் சட்டென்று நிமிர்ந்திருக்கிறாள், அப்படியே சரிந்து கல்தொட்டி விளிம்பில் நெற்றி மோதி விழுந்துவிட்டாள். தூக்கும்போது உடம்பு சில்லென்று இருந்தது. கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை அவள் தலை என் மடியில் இருந்தது, அன்னக்கொடி, நான் அந்த வழியில் அழுதேன், வெட்கப்படாமல் எழுதுகிறேன். நெற்றியில் நாலு தையல், மூன்று நாள் பெட். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டபோது உள்ளதைச் சொல்லிவிட்டேன், அந்த மட்டில் புத்தி இருந்தது. அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, விட்டுப்போனது விட்டுப்போனதுதான், மறுநாள் வழக்கம்போல ஒன்று போதும், சேர்த்துக் கொடுத்தால் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கி ஆளையே கொண்டுபோய்விடும் என்றார். உடம்பு தேவலை என்று தானாக நிறுத்தவும் கூடாதாம், படுக்கையிலிருந்து எழுந்தால் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்கவேண்டுமாம், நாட்டுமருந்து எதுவும் சாப்பிடுவதானாலும் முதலில் அவரிடம் கேட்கவேண்டுமாம்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்த பெண்களெல்லாம் காப்போடு மருந்து தின்றதுக்கு ஆத்தா கொடுத்த தண்டனை என்றார்கள், உன் அம்மாவும் அப்படியே நம்பினாள். "நான் முழுங்கமாட்டேன்னுதான் இருந்தேன், நீங்க வம்புக்கு முழுங்க வச்சீக, ஆத்தா தள்ளி விட்டுட்டா" என்றாள். இல்லை, நான்தான் தள்ளிவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ஊருக்கே அளந்து விடுகிறவன் வீட்டில் அளவு தப்பினான் என்று டீக்கடையில் பேசுவார்களே என்று நாக்கு எழவில்லை. ஆத்தா ஒன்றும் சொல்லமாட்டாள், அவள் தோளில் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். இனி செத்தாலும் அந்த மாத்திரையைத் தொடமாட்டேன் என்று உன் அம்மா மாத்திரை அட்டையைத் தூக்கிப் பரணில் எறிந்தாள். நாலு நாளில் சரியாகிவிடும் என்று நானும் விட்டேன்.

பத்தாம் நாள் பின்மண்டை வலி, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். நம் ஊர்க் கம்பவுண்டரிடம் கூட்டிப்போனேன். கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தவர் இருநூற்றுப் பத்து என்று சொல்லி, மறுபடியும் கட்டிப் பார்த்தார், அதேதான். "அண்ணே, இப்படியே விட்டீங்கன்னா ஒரு பக்கம் கை கால் விழுந்துபோகும், இன்னைக்கே மாத்திரைய ஆரம்பிங்க" என்றார். உன் அம்மா முடியாது என்று எழுந்து வெளியே போய்விட்டாள். பின்னாலேயே போனேன். வாய்க்கால் கரையில் நடந்து வரும்போது, நான் திறந்து அடைக்கிற மடையின் பக்கத்திலேயே அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மாத்திரை, டாக்டரம்மா சொன்னது, வாயை மூடிக்கொண்டு இருந்தது எல்லாம். அவள் எழுந்து வீடு வரும்வரை எனக்கு முன்னால் நடந்தாள். வைதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "பத்து நாளா அந்த ஆத்தாவ மனசுக்குள்ள அம்புட்டு ஏச்சு ஏசிட்டேனே" என்று சொல்லி அழுதாள். தனக்காக அழவில்லை. அப்புறம் பரணைக் காட்டி, அட்டையை எடுங்கள் என்றாள்.

மறுநாள் என்னைக் கோயிலுக்கு இழுத்துப்போய் ஒரு தேங்காயைக் கையில் கொடுத்தாள். அம்மன் முன்னால், காசிமாயனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் நிற்கும்போது, உன்மேல் தப்பில்லை தாயே, தப்பு என்னுடையது என்று சத்தமாகச் சொல்லித் தேங்காயை உடைத்தேன். எதிர்பார்த்தபடியே டீக்கடையில் ஒரு வாரம் என்னை வைத்துத்தான் பொழுது போனது. ஆனால் அதில் ஒரு நல்லதும் நடந்தது. தனக்கும் தலைசுற்றுகிறது, உன் மாத்திரையில் ஒன்று கொடு என்று வந்த பக்கத்து வீட்டு முருகம்மாளை உன் அம்மா உட்காரவைத்து, அவரவருக்குப் பார்த்துக் கொடுப்பதுதான் மருந்து, கடன் வாங்க இது உறைமோர் இல்லை என்று கம்பவுண்டரிடம் அனுப்பினாள். பார்த்தால் முருகம்மாளுக்கு இருப்பது பிரஷரே இல்லை, ரத்தம் இல்லாத கிறுகிறுப்பு.

நேற்று உன் அம்மாவுக்கு நூற்று ஐம்பது. நீ அடித்துப்பிடித்து ரயில் ஏறவேண்டாம், தை மாதம் லீவு கிடைக்கும்போது வந்தால் போதும். தாய்க்கு இருந்தால் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதால், நீயும் அங்கே ஆஸ்பத்திரியில் ஒருமுறை பிரஷர் பார்த்து எழுது, மறைக்காமல் எழுது, மறைப்பது நம் குடும்பத்தில் என்னோடு போகட்டும். இன்னொன்று, விட்டுப்போனால் சேர்த்துப் போடக்கூடாது என்று உன் கையால் பெரிதாக ஒரு அட்டையில் எழுதி அனுப்பு. நான் எழுதி ஒட்டுகிறேன் என்றதற்கு, படிக்கத் தெரியாத உன் அம்மா, மகள் எழுத்து எனக்கு அடையாளம் தெரியும், அதுதான் வேண்டும் என்கிறாள். இப்போது தினம் காலையில் கஞ்சி குடித்துவிட்டு என் முன்னால் உள்ளங்கையை நீட்டுகிறாள். "ஒண்ணுதானே?" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பாள். ஒன்றுதான் என்று நான் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கையை மூடுகிறாள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம், பேரனுக்கு அம்மாச்சியின் முத்தம். அட்டையை மறந்துவிடாதே.

உன் அப்பா
பேயாண்டி