ஆனையிறவில் விலகிப்போன பார்சல்

என் ஆசை அப்பாவுக்கு,

நான் கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறேன். இதை முதலில் உங்களுக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும். பரீட்சைப் பெறுபேறு வந்தபோது நீங்கள் இல்லை.

பருத்தித்துறையிலிருந்து கொழும்புக்கு பஸ் ஓட்டிய காலமெல்லாம், ஊர்த் தாய்மார் கம்பஸில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டித்தந்த பார்சல்களைக் கொண்டுபோனவர் நீங்கள். மிளகாய்த்தூள், முறுக்கு, பனங்காய்ப் பணியாரம் என்று கெடாத சாமான்கள். "உன்ரை பார்சலையும் ஒருநாள் நான் கொண்டுபோவன். அதுக்கு நீ மொறட்டுவைக் கம்பஸுக்குப் போகோணும்" என்பீர்கள். அதற்கான புள்ளியும் வந்தது, அப்பா. நான்தான் விண்ணப்பத்தில் கொழும்புப் பக்கத்து மொறட்டுவையை விட்டு, வீட்டுக்குக் கிட்ட உள்ள கிளிநொச்சியை முதலில் போட்டேன்.

மாமா வீட்டுக்கே வந்து கோபத்தில் துள்ளினார். "கொப்பர் உயிரோடை இருந்தால் உதுக்கு விட்டிருப்பாரோ?"

அம்மா மீன் வெட்டிக்கொண்டே, "என்னைச் சாட்டி நிக்காதை, பிள்ளை. நான் தனிய இருப்பன்" என்றார்.

அம்மாவுக்காக நின்றேன் என்று ஊர் மெச்சுகிறது. உங்களிடம் ஏன் பொய் சொல்வேன்? எனக்காகத்தான் நின்றேன். உங்கள் சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கிற வீட்டை விட்டு அவ்வளவு தூரம் போக மனம் வரவில்லை. அது பாசமா, பயமா? உங்கள் ஆசையை நான் கெடுத்துவிட்டேனா? விடுதிக்குப் போன பிறகும் இதே யோசனைதான்.

முதல் வாரமே, வெள்ளிக்கிழமை விரிவுரை முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். படலையைத் திறந்தால் அம்மா தலையில் கை வைக்கிறார்.

"ஐயோ, நீ ஏன் இப்ப வந்தனி? உனக்குப் பார்சல் போட்டுவிட்டனான்!"

உங்கள் பஸ்ஸில் கொண்டக்டராக நின்ற செல்வம் அண்ணையிடம் புட்டும் கணவாய்க் கறியும் கொடுத்து விட்டிருக்கிறார். நான் வடக்கே வீட்டுக்கு வர, கறி கொழும்பு பஸ்ஸில் தெற்கே கிளிநொச்சிக்குப் போயிருக்கிறது. இரண்டு பஸ்களும் ஆனையிறவுப் பக்கம் விலகியிருக்கும். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"வீட்டை வாற பிள்ளைக்கு என்னத்துக்கம்மா பார்சல்?"

"எல்லாத் தாய்மாரும் அனுப்பினம். நான் அனுப்பக்கூடாதோ?" என்று சொல்லி அழுதுவிட்டார்.

அப்பா, இத்தனை வருஷமும் மற்றவர்களின் பார்சல்களை வாங்கி வைத்து உங்களிடம் எடுத்துத் தந்தவர் அம்மாதானே. தன் முறை எப்போது வரும் என்று அவரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அது உங்களுடைய ஆசை மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த நேரம் போன் அடித்தது. என் அறைத்தோழி, மட்டக்களப்புப் பிள்ளை. வார இறுதியில் வீட்டுக்குப் போக முடியாதவள். "உங்கட பார்சல் வந்திட்டு. பிரிச்சிட்டன், கோவிக்காதீங்க. கறி இன்னும் சூடாக் கிடக்கு!"

போனை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிச்சம் விடாமல் சாப்பிடு, மோனை" என்றார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! மொறட்டுவைக்குக் கணவாய்க் கறி சூடாகப் போயிருக்குமா, நீங்களே சொல்லுங்கள்?

இனி வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவேன். புதன்கிழமைகளில், உங்கள் பஸ் வருகிற நேரத்துக்குக் கம்பஸ் வாசலில் பார்சலுக்காக நிற்பேன். இது சத்தியம். செல்வம் அண்ணை இறங்கித் தருவார். நீங்கள் இல்லை என்று தெரிந்தும் சாரதி ஆசனத்தை ஒருதரம் பார்ப்பேன், அப்பா.

பார்சல் வாங்க வந்து நிற்கும்
உங்கள் மகள் வதனி