நாலாவது துண்டு, வேங்கைமரம் வழியாக

டிசம்பர் 7, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துவைத்த யூனிஃபார்ம் காயவில்லை. படப்பை கடைத்தெரு முழுக்கச் சேறு.

ஷட்டவுன் உறுதி. இருபத்தைந்திலிருந்து வருஷக் கடைசி வரை பிளாண்ட் மூடல் என்று போர்டில் ஒட்டிவிட்டார்கள். ஆகவே நாலாவது துண்டுக்குத் திட்டம். சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்ததுமே வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். மணிமங்கலம் கோயிலுக்கு நடந்து போகலாம் என்றால் ஆட்டோ கேட்பவள் மலையை அளக்கப் போகிறாளாம். அவருக்கு மூட்டு வலி, எனக்கு நாக்கு நீளம். பதில் கொடுத்தேன்.

பாதை: ஜவ்வாது மலையில் தொடங்கி, தென்பெண்ணையைத் தாண்டி, கல்வராயன், சித்தேரி, கடைசியில் கொல்லிமலை. பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. மலை ஊர்க்காரர்கள் சந்தைக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகளைக் கேட்டுக் கேட்டு, ஒன்றோடு ஒன்று சேர்த்து, எங்கள் லைன் ஆட்கள் ஆறேழு பேர் போட்டுக்கொண்டது. ஒரே மூச்சில் நடக்க யாருக்கு லீவு? ஒரு ஷட்டவுனுக்கு ஒரு துண்டு. விட்ட இடத்தில்தான் அடுத்த துண்டு தொடங்க வேண்டும், நடுவில் ஓர் அடி கூட விடக்கூடாது. எங்களில் ஒருவரான ஜெயசீலன் போட்ட சட்டம்.

மூன்றாவது துண்டு போன வருஷம் ஆயுத பூஜை லீவில். கல்வராயனில், வேங்கைமரத்துக் கிளைப்பாதையோடு நின்றதாகத்தான் கணக்கு. ஜெயசீலனும் அங்கேயே காணாமல் போய்விட்டார். பிறகு யாரும் நடக்கவில்லை.

இப்போதைய திட்டம்: வெள்ளிமலை வரை பஸ். அங்கிருந்து தார் ரோட்டிலேயே கீழூர். கீழூரிலிருந்து நடை. வேங்கைமரம் வேண்டாம்.

சட்டம் போட்டவர் இல்லை, கேட்க ஆளில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

ஏ ஷிஃப்ட், காலை. மழையில் கம்பெனி பஸ் தாமதம். கேன்டீனில் பூரி, தொட்டால் எண்ணெய்.

பின் மேஜையில் கான்ட்ராக்ட் பையன்கள். "ஏழாவது ஸ்டேஷன்ல மட்டும் நிக்காத மச்சி. ஷிஃப்ட் முடியறதுக்குள்ள தோள்ல தட்டுவாங்க. திரும்பிப் பாத்தா ஆள் இருக்காது."

ஏழாவது ஸ்டேஷன் ஜெயசீலனுடையது. எங்கள் லைனில் மணி அடித்ததும் ஓடிவிட முடியாது. அடுத்த ஷிஃப்ட் ரிலீவர் வந்து தோளில் தட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் இடத்தை விட்டு நகரலாம். ரிலீவரின் பஸ் வராமல் ஜெயசீலன் அடுத்த ஷிஃப்ட்டையும் சேர்த்து நின்ற நாள் உண்டு. முனகவே மாட்டார். தட்டாமல் நகர்ந்தால் இடம் அநாதையாகிவிடும் என்பார்.

பேய் பிசாசு எல்லாம் எனக்கு ஆகாது. நான் குவாலிட்டி செக்கிங். கேஜ் வைத்து அளக்க முடியாததை நம்புவதில்லை. ஷிஃப்ட் முடியும் இரண்டு மணிக்கு அந்தப் பக்கம் போனேன். எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், ஏழாவதில் மட்டும் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அதே உயரம், அதே ஒருச்சாய்ந்த நிலை. ரிலீவர் ஓடி வந்து தட்டினான், அவன் போய்விட்டான். ஒன்றுமே இல்லை.

படப்பை ஸ்டாப்பை விட்டுவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தேன்.

டிசம்பர் 11, வியாழன்

வெயில். துணி ஒருவழியாகக் காய்ந்தது.

அனுமதிக்காக வனத்துறை அலுவலகத்துக்குப் போன். நடக்கப் போகிறவர்கள் ஒரகடம் கம்பெனிக்காரர்கள் என்றதும் அந்தப் பக்கம் குரல் மாறிவிட்டது. போன வருஷம் ஆளைத் தொலைத்தவர்கள் நாங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எங்களுக்கு அங்கே அதுதான் பெயர்.

போனை வைத்த பிறகு வேலை ஓடவில்லை. நான் அன்றைக்கு அங்கே இல்லை, லீவு கிடைக்கவில்லை. கேட்டதைத்தான் எழுத முடியும்.

லைன் வழக்கத்தையே ஜெயசீலன் மலையிலும் வைத்திருந்தார். பாதை பிரியும் இடத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கடைசி ஆள் வந்து தோளில் தட்டிய பிறகு இருவரும் சேர்ந்து நடக்க வேண்டும். வழி தவறவே தவறாது. வேங்கைமரத்தில் நின்றது அவர். கடைசி ஆள் முருகேசன். பின்னால் முருகேசனுக்குக் கால் பிசகிவிட்டது. வழியில் வந்த ஊர்க்காரர் ஒருவர் பாவம் பார்த்து, மேடு இல்லாத வேறு வழியாக அவரைக் கீழூருக்குக் கூட்டிப்போய்விட்டார். முருகேசன் வேங்கைமரத்தைத் தொடவே இல்லை. போனில் சிக்னல் கிடையாது. மழையும் பனியும். கீழே எல்லாரும் சேர்ந்தபோதுதான் ஜெயசீலன் இல்லை என்பது தெரிந்தது.

திரும்ப ஏறிப் போனால் அவர் பை மட்டும் மரத்தடியில். விழுந்த மாதிரி இல்லை, போகவேண்டிய பாதையைப் பார்த்து நிமிர்த்தி வைத்த மாதிரி. போன் பைக்குள். நனையாமல் இருக்க வைத்திருப்பார். ஊரே தேடியது. போலீஸ், வனத்துறை எல்லாரும். ஒரு செருப்பு கூடக் கிடைக்கவில்லை.

பையைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டு முருகேசனைத் தேடிப் போயிருக்கிறார். வேறு எப்படியும் எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

திட்டத்தை எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்தேன். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நாலாவது பெயர் ஜெயசீலன்.

அந்த நம்பரைக் குரூப்பிலிருந்து எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. போனைக் குப்புற வைத்துவிட்டேன். குழம்பு அடிப்பிடித்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

குரூப்பில் பார்த்தது ஸ்டெல்லா. ஜெயசீலனின் மனைவி. அவர் போனை சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாளாம். அன்றைக்கு எனக்கு அது எங்கே தோன்றியது?

சர்ச்சில் பூசை முடிந்து மணிமங்கலத்திலிருந்து நேரே வந்தாள். வல்லம் வடகாலில் செல்போன் கம்பெனியில் லைன் வேலை, வாரமெல்லாம் நின்று நின்று கால் வீங்கியிருக்கிறது. காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. வேங்கைமரத்தை ஏன் விட்டேன் என்று கேட்டாள். லீவு போதாது, ரோடு சுலபம் என்று ஏதேதோ சொன்னேன். எனக்கே அசிங்கமாக இருந்தது.

"அக்கா, அவரு இன்னும் டூட்டியில கீறாரு. ஷிஃப்ட் முடிஞ்சிச்சின்னு யாரும் போயி சொல்லல. நா போயி கூட்டினு வரணும்."

பாதர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார், அவள் துக்கப் பூசை வைக்க ஒப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் இன்னும் அவருக்கும் தட்டு. அவள் அம்மா என்னிடம் அழுதிருக்கிறார், இவளையாவது திருப்பிக் கொடுங்கள் என்று. மலைக்குக் கூட்டிப்போனால் இவளும் அங்கேயே நின்றுவிடுவாளோ என்று பயம். கூட்டிப்போகாவிட்டால் மணிமங்கலத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

சரி என்றுவிட்டேன். வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை கிண்டல் இல்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

புதுத் திட்டம். இருபத்தாறு, வெள்ளி காலை பெருங்களத்தூரில் பஸ், கள்ளக்குறிச்சி, அங்கிருந்து வெள்ளிமலை. ராத்திரி ஊர்ப் பள்ளிக்கூட வராண்டா, தலைவரிடம் பேசியாயிற்று. சனி காலை ஏறி வேங்கைமரம், இறங்கிக் கீழூர். ஞாயிறும் திங்களும் சித்தேரிப் பக்கம், முடிந்தால்.

எடுக்க: ரெயின்கோட், உப்பு (அட்டைக்கு), பேரீச்சம்பழம், முழங்கால் பட்டை, தைலம், ஸ்டெல்லாவுக்கு ஒரு ஷூ. அவள் செருப்பிலேயே வருவேன் என்கிறாள், பைத்தியம்.

இன்னொரு வேலை பாக்கி, முருகேசனைக் கூப்பிடுவது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கேட்டு வாங்கி நிரந்தரமாக மதிய பி ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார், எங்கள் முகத்தில் விழிக்காமல் இருக்க. ஸ்டெல்லா அவர் பெயரையே சொல்வதில்லை, 'அந்த ஆளு' என்பதோடு சரி.

டிசம்பர் 18, வியாழன்

பர்மிஷன் போட்டுச் சீக்கிரம் வெளியே வந்து, ஒரகடம் ஜங்ஷன் டீக்கடையில் முருகேசனைப் பிடித்தேன். கன்டெய்னர் லாரிச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. ஆள் பாதியாக இளைத்திருக்கிறார். எங்களோடு வரச் சொன்னேன். முடியாது என்றார். மலை என்றால் பயமாகத்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லப்போனேன்.

பயமில்லையாம். மாசா மாசம் போய்க்கொண்டிருக்கிறாராம்.

வாரலீவுக்கு முந்தின நாள் ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் ஏறுவாராம். வேங்கைமரத்தடியில் நாள் முழுக்க நிற்பாராம். வெளிச்சம் போவதற்குள் இறங்கிவிடுவாராம். வீட்டில் ஓ.டி. என்று சொல்லியிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன்.

"நாந்தானக்கா கடைசி ஆளு. என்னத் தேடிகினுதான் போனான். திரும்பி வந்து பாத்தா நா அங்க இருக்க வேணாவா?"

டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. அவர் பேசுவதை நிறுத்தவில்லை. ஒருநாள் பனியில் காலடிச் சத்தம் கேட்டதாம், நன்றாக, பக்கத்தில். "ஜெயசீலான்னு கூப்ட்டேன். சத்தம் நின்னுடுச்சி. அதுலேர்ந்து கூப்பிடறதில்ல. கூப்ட்டா நின்னுடுது."

ஒன்றே முக்கால் ஆனது, எழுந்து ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மான், காட்டுப்பன்றி, ஏதாவது இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மானுக்குப் பெயர் தெரியுமா என்றும் தோன்றியது.

டிசம்பர் 21, ஞாயிறு

மூன்று நாளாக இதே யோசனை. ஸ்டெல்லாவிடம் சொல்வதா வேண்டாமா? சொல்லாமல் கூட்டிப்போய், அங்கே அவர் நின்றால் என்ன ஆகும்? இன்று மணிமங்கலம் போய்ச் சொல்லிவிட்டேன்.

முதலில் கோபம். என் புருஷன் நிற்கும் இடத்தில் அந்த ஆளுக்கு என்ன வேலை என்றாள். பிறகு ஒரே ஒரு கேள்வி, அவர் அங்கே சாப்பாடு எடுத்துப் போகிறாரா என்று. தெரியாது என்றேன். எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

தெரு முழுக்க கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்குகிறது. இவள் வீட்டு வாசலில் மட்டும் வெறும் கொக்கி.

டிசம்பர் 25, வியாழன்

பிளாண்ட் மூடியாயிற்று. பை கட்டியாயிற்று. குரூப்பில் மூன்று பேர் பின்வாங்கிவிட்டார்கள். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் காரணமே சொல்லவில்லை. அவரைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. மிச்சம் நானும் ஸ்டெல்லாவும். வழிகாட்ட வெள்ளிமலையிலிருந்து ஒரு பெண் வருவாள்.

எனக்கும் பின்வாங்க ஆசை. வீட்டுக்காரர் கேட்காமலேயே முழங்கால் பட்டையைத் தேடி எடுத்துப் பையில் வைத்தார்.

டிசம்பர் 26, வெள்ளி

பஸ்ஸில் நாள் முழுக்க. உளுந்தூர்பேட்டையில் இட்லி. வெள்ளிமலையில் குளிர், பல் தந்தியடிக்கிறது. ஸ்டெல்லா ஷூவைப் போட்டுக்கொண்டாள், நான் வற்புறுத்தாமலே. பையில் இரண்டு டப்பா கட்டிச் சோறு. நமக்கா என்று கேட்டேன். ஒன்று நமக்கு என்றாள். மற்றது யாருக்கு என்று கேட்கவில்லை.

டிசம்பர் 27, சனி

கீழூர்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் வெளிச்சம் இருக்கிறது.

காலையில் ஏறினோம். பனி. முன்னால் போகிறவள் முதுகு மட்டும் தெரிந்தது. நான் எதை எதிர்பார்த்தேன் என்று இங்கே எழுதமாட்டேன்.

வேங்கைமரம் பெரியது. கேட்டதைவிடப் பெரியது. அடியில் ஓர் ஆள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. என் கால் நின்றுவிட்டது. வழிகாட்டும் பெண் வாய்க்குள்ளேயே சாமி பெயரைச் சொன்னாள். ஸ்டெல்லா நிற்கவில்லை, நேரே நடந்தாள். பக்கத்தில் போன பிறகுதான் முருகேசன் என்று தெரிந்தது. எங்கள் சத்தம் கேட்டும் அவர் திரும்பவில்லை. கூப்பிடவும் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

அவள் அவரை அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவர் தோளில் கையை வைத்தாள். தட்டினாள், லைனில் தட்டுகிற மாதிரியே.

"அண்ணா, நீங்க எறங்குங்க. அவரு செத்துட்டாரு."

ஒன்றே கால் வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அவர் நகரவில்லை. அவள் இன்னொரு தரம் சொன்னாள், கொஞ்சம் சத்தமாக, மரத்தையும் காட்டையும் பார்த்து. பிறகு முருகேசன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். அவளும் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். எலுமிச்சை சாதம். அழுதுகொண்டே சாப்பிட்டார்.

ஊருக்குப் போனதும் பாதரிடம் பேச வேண்டும் என்றாள். சரி என்றேன்.

இறங்கும்போது வழிகாட்டும் பெண் முன்னால், பிறகு முருகேசன், ஸ்டெல்லா, கடைசியில் நான். பனி விலகி வெயில் வந்துவிட்டது, பின்னால் பாதை சுத்தமாகத் தெரிந்தது, ஒருவருமில்லை. கீழூர் வருவதற்குள் பாதை இரண்டு இடத்தில் பிரிந்தது. இரண்டிலும் நான் நின்றேன், பின்னால் வரும் ஓர் ஆள் என்னைத் தாண்டிப் போகிற நேரம். மற்றவர்களும் முன்னால் நின்றார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.