எட்டுப் படிக்கு ஒரு கைப்பிடி

9, ஆல்பியன் மேடு
மார்ச் 12

அன்பு மகள் பிலிப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், கோபத்தில் ரெண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரமாகிறது, பேச்சு தெளிந்துவிட்டது, இடது கையும் காலும்தான் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. வாசலில் எட்டுப் படி, பிடித்து ஏற ஒன்றுமில்லை. அதனால் பின்சந்து வழியாகக் கூட்டிவந்து தரைக்குக் கீழே இருக்கிற பழைய சமையலறையில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் வேலைக்காரப் பெண் படுத்த இடம். ஜன்னலில் தெரிவது தெருவில் போகிறவர்களின் கால் மட்டும்தான். தபால்காரன் புது ஷூ வாங்கிட்டான் என்று நேற்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு இரும்புக் கைப்பிடி வைக்க அனுமதி கேட்டேன், நகரசபை மறுத்துவிட்டது. பாதுகாக்கப்பட்ட விக்டோரியா காலத் தெருவாம், கைப்பிடி வைத்தால் அதன் குணம் கெட்டுவிடுமாம். பதினான்காம் நம்பர்க்காரன் முன்தோட்டத்தைச் சிமெண்டு போட்டு மூடி ரெண்டு கார் நிறுத்துகிறான், வீட்டுக்கு வீடு மூன்று நிறத்தில் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி நிற்கிறது, அதிலெல்லாம் கெடாத குணம் உன் அப்பா பிடித்து ஏறினால் கெட்டுவிடும். நேரே அலுவலகத்துக்கே போனேன். ஆலை முதலாளிகள் மேலே ஏறவும் நிலக்கரியும் வேலைக்காரியும் கீழே இறங்கவும் கட்டின படி அது, அந்தக் காலத்திலேயே அதில் இரும்புக் கம்பி இருந்தது, போர் வந்தபோது ஆயுதம் செய்ய இரும்பு வேண்டுமென்று அறுத்துக்கொண்டு போனார்கள், அடிக்கட்டை இன்னும் கல்லில் இருக்கிறது, வந்து பாரும் என்று கத்தினேன். அதிகாரி வைல்டிங் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். தெருவின் வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்து, இங்க பாருங்க மேடம், கைப்பிடியில்லாத கற்படிகளே இந்தத் தெருவின் முகம்னு போட்டிருக்கு, இதை வெச்சுத்தான் நாங்க முடிவு பண்றோம், எழுதினது நீங்கதானே என்றார்.

நான்தான். சாலை போட இந்தத் தெருவையே இடிக்க வந்தார்கள், உனக்குத் தெரியும், அழகாக எழுதினால்தான் காப்பாற்ற முடியும் என்று கம்பி இருந்ததைத் தெரிந்தே விட்டுவிட்டேன். அதோடு நின்றிருக்கலாம். பதினொன்றாம் நம்பர் டோரீன் தன் அம்மாவுக்காக இதே கைப்பிடி கேட்டபோது, வீடு வீடாகப் போய் எதிர்ப்புக் கையெழுத்து வாங்கினவளும் நான்தான். அனுமதி கிடைக்கவில்லை. அந்த அம்மாள் அப்புறம் அந்தப் படியில் இறங்கினது சவப்பெட்டியில்தான். அப்போது பூங்கொத்து அனுப்பினேன், அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

மேல்முறையீட்டுக்கு அக்கம்பக்கத்தாரின் ஆதரவுக் கையெழுத்து வேண்டுமாம். என் புத்தகத்துக்கு எதிராக நானே ரெண்டு பக்கம் எழுதிக்கொண்டு கிளம்பினேன். என்னோடு தெருப் பாதுகாப்புக் குழுவில் இருந்தவர்கள், ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்களே ரோசலிண்ட் என்று கதவிடுக்கில் நின்றே பேசினார்கள். நான் கற்றுக்கொடுத்த பேச்சுத்தான். கடைசியில் டோரீன் வீட்டு மணியை அடித்தேன். வைவாள் என்றுதான் போனேன், மன்னிப்புக் கேட்க வாயும் திறந்தேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, முழுக்கப் படித்தாள். அன்னிக்கு நீ நீட்டின தாள்ல இந்தத் தெருவே கையெழுத்துப் போட்டுச்சு, போடமாட்டேன்னு சொன்னது உன் வீட்டுக்காரர் ஒருத்தர்தான், இது அவருக்காக, உனக்காக இல்ல என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை விசாரணை. ஞாயிறன்று மறக்காமல் போன் செய், கீழேயிருந்து ஏறிவந்து எடுக்க நேரமாகும், மணி அடிக்கட்டும். நீங்கள் எல்லோரும் எந்தக் குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
ரோசலிண்ட்