லைசென்ஸ் ரேவதி பெயரில்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். விழுப்புரம் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். ஜங்ஷன் பக்கம் பாஷா கடையில் என் ஆன்லைன் சென்டருக்குப் புது கம்ப்யூட்டர் தயார். போன வாரம் இடி மின்னலில் பழையதன் போர்டு, டிஸ்க் இரண்டும் காலி. மானிட்டர் மட்டும் பிழைத்தது.

பாஷா: "ஒரிஜினல் லைசென்ஸுக்கு இன்னாத்துக்கு சார் பேஜாரு? கிராக் போட்டுத் தர்றேன், ஜல்தியா எடுத்துக்கினு போய்க்கினே இருங்க."

வேண்டாம் என்றேன். அப்படித் திருட்டு சாஃப்ட்வேர் போட்ட எதிர்க்கடைக்காரன் வைரஸ் வந்து, ஜனங்களின் ஆதார் நகலெல்லாம் தொலைத்துவிட்டு முழித்தான். என்னிடம் அசல் இருக்கிறது. பழைய மிஷின் செத்ததால் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாமாம்.

பெட்டி மடியில், திண்டிவனம் வரை. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் என்றார். முறைத்தேன். போய்விட்டார்.

வாங்க: ஏ4 பேப்பர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கொறிக்க வறுத்த மல்லாட்டை.

நவ. 5, புதன்

வெயில். லைசென்ஸ் எண் அச்சடித்த அட்டை சாமி படத்துக்குப் பின்னால். என் மனைவி மல்லிகா வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்திருக்கிறாள். சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து வருகிறது. கத்தினேன்.

"மிஷினுக்கு உசுரே இதுலதான் இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? அதான் வச்சேன்."

சொன்னேன்தான்.

பாஷாவுக்குப் போன். "பழசு யாரு அக்கவுண்ட்ல இருந்துச்சோ, அவங்க உள்ள வந்தாப் போதும் சார். நம்பரே வேணாம்."

ரேவதியின் அக்கவுண்ட். என் பெண். முதல் சம்பளத்தில் இந்த லைசென்ஸைக் கடைக்கு வாங்கிக் கொடுத்தாள். போன வருஷம் எங்களுக்குச் சொல்லாமல் ரிஜிஸ்டர் கல்யாணம். இப்போது வானூரில் குடித்தனம். அம்மாவோடு போனில் பேசுகிறாள். நான் பேசுவதில்லை. பேசுவதாகவும் இல்லை.

நவ. 6, வியாழன்

கடை திறந்தாச்சு. லைசென்ஸ் இல்லாமலும் ஓடுகிறது. ஆனால் திரை ஓரத்தில் 'ஆக்டிவேட் செய்யவும்' என்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பரீட்சைக்கு விண்ணப்பிக்க வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, டூப்ளிகேட்டா?" என்றாள். மானம் போயிற்று. பாஷாவிடம் கிராக்கே போட்டுக்கொள்ளலாமா?

நவ. 7, வெள்ளி

மழை. கடையில் ஆள் இல்லை. மல்லிகா சாப்பாடு கொண்டுவந்தாள். என்னைக் கேட்காமலேயே போனைப் போட்டாள், ஸ்பீக்கரில்.

"ரேவதி, அப்பா கம்ப்யூட்டருக்கு உன் அக்கவுண்ட் வேணுமாம்டி."

"அவரு கேக்க மாட்டாராம்மா?"

நான் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தேன்.

"சரி, ஒரு ஆப் பேரு சொல்றேன், போடச் சொல்லும்மா. அதுல வர்ற நம்பரைப் படி. நான் இங்கேர்ந்தே பண்ணிடறேன்."

போட்டேன். மல்லிகா நம்பரை வாசித்தாள். மௌஸ் அம்பு தானாக நகர ஆரம்பித்தது. கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். ரேவதி தன் கணக்கில் நுழைந்தாள். பட்டியலில் பழைய மிஷினைத் தேடி அதற்குப் பதில் இதுதான் என்று தட்டினாள். ஓரத்து எழுத்து மறைந்தது. வேலை முடிந்தது. மல்லிகா போனை வைத்தாள்.

அம்பு போகவில்லை. செட்டிங்ஸுக்குள் நுழைந்து எழுத்தைப் பெரிசாக்கியது. யாரும் கேட்கவில்லை. என் கண் மங்கல் என்று அவளுக்குத் தெரியும். பிறகு வெறும் நோட்பேட் திறந்து, அதில் எழுத்து விழுந்தது.

"எழுத்து தெரியுதாப்பா?"

"தெரியுது" என்று அடித்தேன்.

"ஞாயிறு கடை லீவு. ரெண்டு பேரும்" என்று அடித்தேன். 'ரெண்டு பேரும்' அழித்தேன். மறுபடி அடித்தேன். "வாங்க."

நான் அடிப்பதெல்லாம் அப்படியே அங்கேயும் தெரியும். அழித்ததையும் பார்த்திருப்பாள்.